ஒற்றைக் கதைக்குள் அடங்காத மலாக்கா

1511 ஆகஸ்டில் போர்த்துக்கீசியத் தளபதி அல்புகெர்க்கின் படை மலாக்காவைப் பிடித்தது. அதன்பின் அங்கே வாழ்ந்த முஸ்லிம் அல்லாத குடிகளுக்குத் தலைவராக, பெண்டஹாரா (முதலமைச்சர்) பட்டத்தோடு, ஒரு தமிழ் வணிகரைப் போர்த்துக்கீசியர் அமர்த்தினார்கள். அவர்களுடைய ஆவணங்கள் அவரை நீனா சட்டு என்று குறிக்கின்றன. 1509இல் செக்கெய்ரா என்ற தளபதியின் கப்பல்கள் வந்து போனபோது மலாக்காவில் சிறைப்பட்டுவிட்ட போர்த்துக்கீசியருக்கு உதவியவர் அவர். 1514இல் பதவி காம்பார் அரசருக்குப் போனதும், அந்த அவமானம் பொறுக்காமல் தீயில் இறங்கி உயிர்விட்டார் என்று போர்த்துக்கீசிய வரலாற்றாசிரியர்கள் எழுதினார்கள். இந்த மனிதரைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது? சுல்தான்களின் பெருமையை மையமாகக் கொண்டு எழுதினால் அவர் ஊரைக் காட்டிக்கொடுத்தவர். போர்த்துக்கீசியரின் பக்கத்திலிருந்து பார்த்தால் உற்ற நேரத்தில் கைகொடுத்த நண்பர். தமிழ்ப் பெருமை பேசுகிறவர் எழுதினால் மலாக்காவில் பெண்டஹாராவாக உயர்ந்த தமிழர். மூன்றும் ஒரே ஆதாரங்களிலிருந்து எழக்கூடியவை. எதைப் பாடமாக்குவது என்று முடிவு செய்கிறவர் கையில்தான் அந்த மனிதரின் பிற்கால வாழ்வு இருக்கிறது.

எதைப் பாடமாக்குவது என்று யார் முடிவு செய்வது? பின்நவீனத்துவம் கல்வியை நோக்கிக் கேட்ட முதன்மையான கேள்வி இதுவே. 1979இல் பிரெஞ்சுச் சிந்தனையாளர் லியோதார், கனடாவின் கியூபெக் அரசுடைய பல்கலைக்கழக மன்றம் கேட்டுக்கொண்டதற்கிணங்க, அறிவின் நிலை குறித்து ஓர் அறிக்கை எழுதினார். மனிதகுலம் முன்னேறிக்கொண்டே போகிறது, பகுத்தறிவு எல்லாரையும் விடுவிக்கும் என்பன போன்ற பெருங்கதைகளின் மேல் இருந்த நம்பிக்கை தளர்ந்துவிட்டது என்பது அதன் மையக் கருத்து. அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பே இன்னொரு பிரெஞ்சுச் சிந்தனையாளரான ஃபூக்கோ, சிறை, படைமுகாம், தொழிற்சாலை, பள்ளி ஆகியவை ஒரே வகையான கண்காணிப்பினால் மனிதர்களை உருவாக்குகின்றன என்று காட்டியிருந்தார். இவர்கள் ஐரோப்பாவை மனத்தில் வைத்து எழுதியவர்கள். ஆனாலும் மலாக்கா மாநிலத்துத் தோட்டங்களிலும் ஊர்களிலும் தமிழர் பெற்ற கல்வியின் வரலாற்றை அடுக்கிப் பார்த்தால், அவர்களுடைய ஐயம் இங்கேதான் மிகப் பொருந்துகிறது என்று சொல்லத் தோன்றும். அந்த ஐயம் நமக்குத் தேவை. ஆனால் அது பாதி வழிக்கே துணை வரும். எழுதப்படாமல் போன மக்களுக்கு எல்லாக் கதைகளையும் சந்தேகிக்கும் பயிற்சி மட்டும் போதாது. தங்கள் கதையைச் சான்றோடு நிறுவும் பயிற்சியும் வேண்டும். இக்கட்டுரை வலியுறுத்துவது இதைத்தான்.

பழைய மலாக்கா ஒற்றைக் குரலில் பேசிய ஊரன்று. போர்த்துக்கீசியர் பிடித்த சில ஆண்டுகளுக்குள் அங்கே தங்கியிருந்த போர்த்துக்கீசியரான தோமே பிரேஸ், அந்தத் துறைமுகத்தில் 84 மொழிகள் புழங்கியதாக எழுதினார். வணிகர்களைக் கவனிக்க ஷாபந்தர் எனப்பட்ட துறைமுக அதிகாரிகள் நால்வர் இருந்தார்கள். குஜராத்தியருக்குத் தனியாக ஒருவர், தமிழ் வணிகர் உள்ளிட்ட சோழமண்டலக் கரையினர், வங்காளிகள் முதலானோருக்கு இன்னொருவர் என்று பொறுப்புகள் பிரிந்திருந்தன. மலாய் இலக்கியத்தின் மூலநூல்களில் ஒன்றான செஜாரா மெலாயு, மலாக்காவின் ஆளும் குடும்பங்களிலேயே தமிழ் முஸ்லிம் வழி கலந்திருப்பதை மறைக்காமல் சொல்கிறது. டச்சுக்காரர் காலத்தில், 1748இல், கம்போங் கிளிங் பள்ளிவாசல் எழுந்தது. அதே தெருவரிசையில் 1781இல் மலாக்கா செட்டிகள் பொய்யாத விநாயகர் கோயிலைக் கட்டினார்கள். மலாய் மொழியை வீட்டுமொழியாகக் கொண்டு, சைவ வழிபாட்டைக் கைவிடாமல் வாழும் அந்தச் செட்டிகள், இனத்தையும் மொழியையும் சமயத்தையும் ஒரே கட்டாகக் கட்டும் எந்தப் பாடப்புத்தகத்துக்கும் இன்றுவரை சிக்கலான விதிவிலக்காகவே இருக்கிறார்கள்.

கல்வியும் அன்று பல வழிகளில் நடந்தது. நவீன மலாய் இலக்கியத்தின் தந்தை என்று போற்றப்படும் முன்ஷி அப்துல்லா மலாக்காவில் பிறந்தவர். நாகூர் வழியாக வந்த அரபு-தமிழ்க் குடும்பத்தவர். 1843இல் எழுதி முடித்து 1849இல் அச்சேறிய தம் வரலாற்று நூலில், சிறுவயதில் தந்தை தம்மைத் தமிழ் படிக்க அனுப்பியதைக் குறிப்பிடுகிறார். மலாக்காவின் வசதியான குடும்பத்துப் பிள்ளைகள் கணக்கு வழக்குக்காகவும் வணிகர்களோடு பேசுவதற்காகவும் தமிழ் கற்பது முன்னோர் காலத்திலிருந்து வந்த வழக்கம் என்பது அவர் தரும் விளக்கம். இதன் பொருள் பெரிது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாக்காவில் தமிழ், செல்வமும் மதிப்பும் உள்ளவர்களின் கல்விமொழி. அடுத்த நூறு ஆண்டுகளுக்குள் அதே மொழி, அதே மாநிலத்தில், கூலிக்காரர் பிள்ளைகளின் மொழி என்ற இடத்துக்குத் தள்ளப்பட்டது. மொழி மாறவில்லை. அதைப் பேசியவர்களை ஒரு பொருளாதாரம் எந்த இடத்தில் நிறுத்தியது என்பது மாறியது. எந்த அறிவுக்கு மதிப்பு உண்டு என்பதை அதிகாரம் தீர்மானிக்கிறது என்று ஃபூக்கோ சொன்னதற்கு இதைவிடத் தெளிவான உள்ளூர்ச் சான்று வேண்டியதில்லை.

அந்தப் பொருளாதாரம் ரப்பர். 1896இல் தான் சாய் யான் என்ற மலாக்காச் சீன வணிகர் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டார். பிறகு புக்கிட் அசகானில் பெரிய அளவில் தோட்டம் போட்டார். மலாயாவில் வணிக நோக்கில் ரப்பர் பயிரானதன் தொடக்கம் அது. வரலாற்று நூல்களில் அவர் பெயர் இருக்கிறது, இருக்க வேண்டியதுதான். காட்டை வெட்டிக் கன்று நட்ட, விடியுமுன் எழுந்து மரம் சீவிய தென்னிந்தியத் தொழிலாளர்கள் கூட்டமாக மட்டுமே குறிக்கப்படுகிறார்கள். 1907இல் தமிழர் குடியேற்ற நிதி ஏற்பட்டது. 1910இல் ஒப்பந்தக் கூலிமுறை நின்றது. கங்காணி வழி ஆள் சேர்ப்பு 1938இல் இந்திய அரசு தடை விதிக்கும்வரை நீடித்தது. அலோர் காஜா, ஜாசின், மெர்லிமாவ், தெபோங், டுரியான் துங்கால் எனப் பரவிய தோட்டங்களில் பெரட்டு என்ற விடியற்காலை ஆள்கணக்கெடுப்பு, கங்காணியின் மேற்பார்வை, எழுத்தரான கிராணி வைத்திருந்த செக்ரோல் என்ற வருகைப் பதிவேடு, வரிசையாக நின்ற லயத்து வீடுகள், மேட்டில் துரை பங்களா என ஓர் ஒழுங்கு அமைந்தது. யார் எங்கே எந்நேரம் இருக்கிறார் என்பதை ஒரே பார்வையில் அறிந்துவிடக்கூடிய அந்த ஏற்பாட்டின் உள்ளேதான் தோட்டப்பள்ளியும் பிறந்தது.

பத்துப் பிள்ளைகளுக்கு மேல் இருந்தால் தோட்டம் பள்ளி நடத்த வேண்டும் என்ற விதியைக் கூட்டு மலாய் மாநிலங்களின் 1912ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் கொண்டுவந்தது. மலாக்கா அன்று நீரிணைக் குடியேற்றங்களில் ஒன்றாக இருந்ததால் அந்தச் சட்டம் அங்கே நேரடியாகச் செல்லவில்லை. அதையொத்த கடப்பாடு பின்னர் அங்கும் வந்தது. சட்டத்தின் நோக்கம் கல்வி மட்டும் என்று சொல்ல முடியாது. குடும்பத்தோடு வந்து நிலைத்துவிடும் தொழிலாளர் தோட்டத்துக்குத் தேவைப்பட்டார்கள். பள்ளி இருந்தால் அவர்கள் வேறிடம் தேடிப் போக மாட்டார்கள். பல இடங்களில் கொட்டகையே பள்ளி. எழுத்தறிந்த கங்காணியோ கிராணியோதான் ஆசிரியர். சில வகுப்புகளோடு படிப்பு முடிந்தது. அதன்பின் பிள்ளை தாய்தகப்பனோடு மரத்தடிக்குப் போனது. கற்பிக்கப்பட்ட புத்தகங்களோ பெரும்பாலும் தமிழகத்திலிருந்து வந்தவை. காவிரியும் கங்கையும் தெரிந்த பிள்ளைக்குத் தன் தோட்டத்தைத் தாண்டி ஓடும் மலாக்கா ஆறு பாடத்தில் இல்லை. ஆட்சியாளர்களுக்கு இது வசதியாக இருந்தது: தற்காலிகமாக வந்தவர்கள், ஒருநாள் திரும்பிப் போகிறவர்கள் என்ற கதைக்கு அந்தப் புத்தகங்கள் பொருந்தின. கற்பித்தவர்களின் அர்ப்பணிப்பைக் குறைத்துச் சொல்ல இங்கே இடமில்லை. தமிழ் இன்று மலாக்காவில் உயிரோடிருப்பதற்கு அவர்கள் முக்கியக் காரணம். ஆனால் அவர்கள் கையில் கொடுக்கப்பட்ட பாடம், பிள்ளைகள் நின்ற மண்ணைப் பற்றிப் பேசவில்லை.

நாடு விடுதலையை நெருங்கியபோது நிலைமை மாறியது. 1951இன் பார்ன்ஸ் அறிக்கை, தாய்மொழிப் பள்ளிகளுக்குப் பதிலாக மலாயும் ஆங்கிலமும் பயிலும் பொதுவான தேசியப் பள்ளியைப் பரிந்துரைத்தது. சீனர்களைப் போலவே இந்தியர்களும் எதிர்த்தார்கள். 1956இன் ரசாக் அறிக்கை, பல மொழிப் பள்ளிகள் இருக்கலாம், ஆனால் எல்லாவற்றுக்கும் மலாயாவை மையமாகக் கொண்ட பொதுப் பாடத்திட்டம் வேண்டும் என்றது. 1960இன் ரஹ்மான் தாலிப் அறிக்கையும் 1961ஆம் ஆண்டுக் கல்விச் சட்டமும் அந்தத் திசையை உறுதிப்படுத்தின. பொதுப் பாடத்திட்டத்தால் தமிழ்ப் பிள்ளைக்கு முதன்முறையாக, தான் வாழும் நாட்டின் ஆறும் ஊரும் ஆட்சியும் பாடமாயின. அது மெய்யான ஆதாயம். அதே வேளையில் ஒரு பெருங்கதை போய் இன்னொன்று வந்தது. மலாக்கா சுல்தானியம் தேசத்தின் பிறப்பிடமாகப் பாடப்புத்தகத்தில் நின்றது. நகரத்துத் தமிழ் வணிகர் அதன் அழகுக்கு ஒரு நிறமாகவும், தோட்டத் தமிழர் பிற்காலத்தில் கொண்டுவரப்பட்ட உழைப்பாகவும் சில வரிகளில் வந்து போனார்கள். 2008இல் யுனெஸ்கோ மலாக்காவையும் ஜார்ஜ் டவுனையும் உலக மரபுரிமை நகரங்களாக அறிவித்தபோதும் மதிப்புப் பெற்றது துறைமுக நகரம்தான். கோயிலும் பள்ளிவாசலும் அதற்குள் வந்தன. லயத்து வீடும் குழந்தைகளைப் பார்த்துக்கொண்ட ஆயாக் கொட்டகையும் எல்லைக்கு வெளியே, செம்பனைக்கும் வீட்டுமனைக்கும் இடம் விட்டு மறைந்துகொண்டிருந்தன.

யார் கதையை யார் சொல்வது என்ற கேள்வி தேசிய அளவில் வெடித்தது 2011ஐ ஒட்டி. அப்துல்லா ஹுசேன் 1971இல் வெளியிட்ட இன்டர்லோக் நாவல் ஐந்தாம் படிவ மலாய் இலக்கியப் பாடநூலானதும், அதில் இந்தியத் தொழிலாளர்களின் சாதியும் வருகையும் சித்தரிக்கப்பட்ட விதத்தை எதிர்த்து இந்தியர்கள் போராடினார்கள். 2011 இறுதியில் நாவல் பாடத்திட்டத்திலிருந்து நீக்கப்பட்டது. அதே காலத்தில், 2013 முதல் இடைநிலைப்பள்ளி இறுதித் தேர்வான எஸ்பிஎம் சான்றிதழுக்கு வரலாற்றுப் பாடத்தில் தேர்ச்சி கட்டாயம் என்ற அறிவிப்பைத் தொடர்ந்து, பாடநூல்கள் எல்லா இனங்களின் பங்கையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும் என்று குடிமக்கள் குழுக்கள் குரல் எழுப்பின. இந்த விவாதங்களில் ஈடுபட்டவர்களில் பெரும்பாலோர் லியோதாரைப் படித்திருக்கத் தேவையில்லை. ஆனால் அவர்கள் கேட்டது அவர் கேட்டதே. பாடநூல் என்பது உண்மை தானாக வந்து அமர்ந்த இடமன்று. ஒருவர் தேர்ந்து, ஒருவர் விட்டு, ஒருவர் வரிசைப்படுத்திய எழுத்து என்பதை அவர்கள் உணர்ந்திருந்தார்கள்.

பின்நவீனத்துவம் மேலைநாட்டுச் சரக்கு, நம் மண்ணுக்கு ஒட்டாது என்பது பலரும் சொல்லும் முதல் மறுப்பு. மலாக்காவே இதற்குப் பதில் வைத்திருக்கிறது. மலாக்காவின் புகழ்பெற்ற வீரன் ஹங் துவா. அரசனுக்கு மாறாத விசுவாசம் அவன் கதையின் பாடம் என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்டது. 1959இல் மலாயாப் பல்கலைக்கழக மாணவரான காசிம் அகமது, தம் ஆய்வேட்டில் அந்தக் கதையைத் திருப்பிப் படித்தார். நண்பன் துவாவுக்கு இழைக்கப்பட்ட அநீதிக்காக அரசனையே எதிர்த்த ஹங் ஜெபாட்தான் உண்மையான நாயகன் என்பது அவர் வாதம். 1964இல் அது நூலாக வந்தது. பிரெஞ்சுச் சிந்தனையாளர் தெரிதாவின் முதல் பெரிய நூல்கள் வெளிவந்தது 1967இல்தான். ஆக, பிரெஞ்சுக் கோட்பாடு பிறக்கும் முன்பே மலாய் அறிவுலகம் தன் மூலக்கதையைத் தானே கேள்விக்குள்ளாக்கியிருந்தது. தமிழில் 1990களில் அ. மார்க்ஸ், ரவிக்குமார், பொ. வேல்சாமி ஆகியோர் நடத்திய நிறப்பிரிகை இதழ், தலித் அரசியலையும் இலக்கிய வரலாற்றையும் இந்தச் சிந்தனையின் துணையோடு மறுபடி வாசித்தது. அங்கேயும் கோட்பாடு இறக்குமதி, கேள்வி உள்ளூர்.

இரண்டாவது மறுப்பு கடுமையானது. மதித்துப் பதில் சொல்ல வேண்டியது. எல்லா வரலாறும் வெறும் கதைதான் என்றால், தோட்டத் தமிழரின் வரலாறும் வெறும் கதைதானே? உழைப்பை மறுக்கிறவர், அது உங்கள் கதை, இது எங்கள் கதை என்று எளிதாக ஒதுங்கிவிட முடியும். எழுத்தும் ஆவணமும் அச்சும் யார் கையில் இருக்கின்றனவோ அவர் கதையே நிற்கும். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் அமைத்த சயாம் மரண ரயில் பாதையை எண்ணிப் பாருங்கள். 1943 அக்டோபரில் முடிந்த அந்த 415 கிலோமீட்டர் பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்களை ஜப்பானியர் கொண்டுபோனார்கள். இறந்த நேச நாட்டுப் போர்க்கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் இருக்கின்றன. இறந்த தமிழர்களில் பெரும்பாலோருக்குப் பெயர்ப் பட்டியலே கிடையாது. ஆர். சண்முகம், அ. ரெங்கசாமி போன்ற எழுத்தாளர்கள் நாவலாக எழுதியதும், தப்பி வந்தவர்கள் வாய்வழியாகச் சொன்னதும் அந்த இடைவெளியை ஓரளவு நிரப்புகின்றன. அந்தச் சாவுகள் ஒரு கண்ணோட்டம் என்று யாரும் சொல்லிவிட அனுமதிக்க முடியாது. அவை நடந்தவை. இங்கே பின்நவீனத்துவம் தன் எல்லைக்கு வந்துவிடுகிறது. நீனா சட்டுவை மூன்று விதமாக மதிப்பிடலாம். ஆனால் 1511இல் அவர் பதவி பெற்றதையும் 1514இல் இழந்ததையும் மூன்று விதமாகச் சொல்ல முடியாது. மதிப்பீடு பலவாக இருக்கலாம் என்பதிலிருந்து நடந்ததே பலவாக இருக்கலாம் என்ற முடிவு பிறக்காது. இந்த வேறுபாட்டைப் பிள்ளைக்குக் கற்பிக்காத பன்முக வாசிப்பு பலவீனருக்கே தீங்காக முடியும்.

பல இனம் வாழும் நாட்டுக்குப் பொதுவான ஒரு கதை வேண்டும், பிஞ்சு மனங்களில் ஐயத்தை விதைத்தால் ஒற்றுமை குலையும் என்பது மூன்றாவது மறுப்பு. பொதுக்கதை வேண்டும் என்பது சரி. ஆனால் எதைச் சேர்த்தால் ஒற்றுமை வளரும் என்று பார்க்க வேண்டும். தன் தாத்தாவை ஓரிடத்திலும் காணாத பிள்ளை அந்தக் கதையைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்யும், தனதாக ஏற்காது. மலாய்ப் பிள்ளைக்கும் இதில் ஆதாயம் உண்டு. முன்ஷி அப்துல்லா தமிழ் கற்றார், செட்டிகள் மலாய் பேசினார்கள், சுல்தான்களின் அவையில் பல குலத்தவர் கலந்திருந்தார்கள் என்று அறிந்த பிள்ளைக்கு அண்டை வீட்டுக்காரர் அந்நியராகத் தெரிய மாட்டார். வயதைப் பற்றிய அச்சத்துக்கும் விடை உண்டு. பத்து வயதுப் பிள்ளைக்குத் தத்துவம் தேவையில்லை. இதை யார் சொன்னார், எப்போது சொன்னார், இன்னொருவர் எப்படிச் சொல்லியிருப்பார் என்ற மூன்று கேள்விகள் போதும்.

தமிழ்ப்பள்ளிகளுக்கு இப்போது இதற்கெல்லாம் நேரமுண்டா என்று கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். மலாக்கா மாநிலத்தில் இருபத்தொரு தமிழ்ப்பள்ளிகள் இயங்குகின்றன. தோட்டம் துண்டாடப்பட்டு விற்கப்பட்ட பின்னும் பெயரில் மட்டும் தோட்டத்தைச் சுமக்கும் பள்ளிகள் பல. மாணவர் எண்ணிக்கை குறையும் பள்ளிக்கு முதலில் கணிதமும் அறிவியலும் மலாயும் ஆங்கிலமும்தான் முக்கியம் என்ற கவலை நியாயமானது. ஆனால் லியோதாரின் அறிக்கையில் அதிகம் பேசப்படாத மற்றொரு பாதியை இங்கே நினைக்க வேண்டும். பெருங்கதைகள் தளரும்போது அவற்றின் இடத்தில் திறன் அளவீடு வந்து உட்காரும், அறிவு உண்மையா என்ற கேள்வி போய் அதனால் என்ன பயன் என்ற கேள்வி ஆளும் என்று அவர் எச்சரித்தார். 1988 முதல் நடந்து 2021இல் கைவிடப்பட்ட, ஆரம்பப்பள்ளி இறுதியில் எழுதிய யூபிஎஸ்ஆர் தேர்வைச் சுற்றி நம் பள்ளிகளில் நடந்தது இதுவே. எத்தனை ஏ என்பது பள்ளியின் மானமாகவும் சமூகத்தின் அளவுகோலாகவும் ஆனது. ஏழ்மையிலிருந்து எழ நினைத்த பெற்றோர் அந்த எண்ணைப் பற்றிக்கொண்டதில் குற்றமில்லை. அந்த எண்ணுக்குள் அடங்காத அறிவு வகுப்பிலிருந்து வெளியேறியதுதான் இழப்பு. அந்தத் தேர்வு இல்லாத இன்றைய ஆண்டுகள் அதைத் திரும்பக் கொண்டுவரக் கிடைத்த வாய்ப்பு.

அதற்குப் புதிய பாடத்திட்டம் எதுவும் வேண்டாம். 2014 முதல் ஆரம்பப்பள்ளியின் நான்காம் ஆண்டிலிருந்தே வரலாறு தனிப்பாடம். உயர்நிலைச் சிந்தனைக்குக் கல்வித் திட்டமே இடம் கொடுக்கிறது. மலாக்கா சுல்தானியத்தைப் படிக்கும் வகுப்பிலேயே நீனா சட்டுவை வைக்கலாம். ரப்பரைப் படிக்கும் பாடத்தில் தான் சாய் யானுக்குப் பக்கத்தில், அந்த வட்டாரத்துத் தோட்டத்தில் மரம் சீவியவர்களின் பெயர்களைப் பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டிலிருந்தும் கோயில் கணக்குப் புத்தகத்திலிருந்தும் எடுத்து வைக்கலாம். பழைய செக்ரோல், திருவிழாப் படங்கள், சம்பளச் சீட்டு, பாட்டிமார் சொல்லும் பெரட்டுக் கால நினைவுகள் ஆகியவை எல்லாம் சான்றுகள். வாய்மொழியை ஆவணத்தோடு ஒத்துப் பார்க்கவும், இரண்டும் முரண்படும்போது எது நம்பத்தக்கது என்று காரணத்தோடு சொல்லவும் மாணவர் பழக வேண்டும். இந்தப் பதிவேடுகளில் பல செல்லரித்துக்கொண்டிருக்கின்றன. நினைவு உள்ளவர்கள் வயதாகிக்கொண்டிருக்கிறார்கள். ஆகவே இதைத் தள்ளிப்போட முடியாது.

பின்நவீனத்துவத்தை வழிபட வேண்டியதும் இல்லை, அஞ்ச வேண்டியதும் இல்லை. அதிகாரம் சொல்லும் கதையை அப்படியே ஏற்காதே என்று அது சொல்லிக்கொடுத்தது. ஐந்நூறு ஆண்டுகளில் சுல்தானியத்திலிருந்து மூன்று ஐரோப்பிய ஆட்சிகள் வழியாகத் தேசிய அரசுவரை கண்ட மலாக்காவுக்கு அது மிகத் தேவையான பாடம். சான்றைத் தேடு, பெயரை மீட்டெடு, நடந்ததை நடந்ததாக நிறுவு என்பது அதற்கு முன்பிருந்தே வரலாற்றுத்துறை சொல்லிவரும் பாடம். தோட்டத்திலிருந்து நகரத்துக்கு வந்துவிட்ட நம் பிள்ளைகளுக்கு இரண்டும் சேர்ந்தே போய்ச் சேர வேண்டும். முதலாவது மட்டும் கிடைத்தால் அவர்கள் எதையும் நம்பாதவர்களாவார்கள். இரண்டாவது மட்டும் கிடைத்தால் பிறர் பொறுக்கித் தந்த சான்றுகளோடு நின்றுவிடுவார்கள். இரண்டும் கிடைத்த தலைமுறையே மலாக்காவின் வரலாற்றில் தன் பங்கை எழுதும். அடுத்தவர் எழுதியதையும் மதித்துச் சோதிக்கும்.